மே மாதம் ஜப்பான்: 10 நாள், ஐந்து பேர், ஒரு பாட்டி, இரண்டு வாண்டுகள். திட்டம் சரிதானா?

கொங்குக்காரி (கேள்வி)

வணக்கம். கோடை விடுமுறைக்கு ஜப்பான் போகலாம் என்று முடிவாகிவிட்டது. நான், கணவர், மாமியார் (64 வயது, சுத்த சைவம், படி ஏறினால் முட்டி வலிக்கும்), மகள் 10, மகன் 5. கோவையிலிருந்து சிங்கப்பூர் மாறிப் போகிற மாதிரி டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை.

தீம் பார்க்கில் மட்டும் நாளைக் கழிக்க விருப்பமில்லை. அந்த ஊர்ப் பண்பாடு பிள்ளைகள் கண்ணில் படணும், முடிந்தால் கையிலும் படணும். அதற்காக மூன்றாம் நாளே "இன்னொரு கோயிலா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது.

இப்போதைய திட்டம்: ஏப்ரல் 29 டோக்கியோவில் இறங்கி 3 இரவு, ஹகோனே 1, கியோட்டோ 2, ஹிரோஷிமா 1, ஒசாகா 2, பிறகு டோக்கியோ திரும்பி மே 8 விமானம். 7 நாள் ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில்வேயில் நினைத்தபடி ஏறி இறங்கும் சீட்டு) எடுக்கலாமா? ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைக்குமா? மாமியார் சாப்பாட்டுக்கு என்ன வழி? எங்கே வெட்டணும், எங்கே ஒட்டணும், சொல்லுங்கள்.

ஊர்சுற்றி அண்ணாச்சி

முதலில் தேதியை மாற்றுங்கள் தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே 'கோல்டன் வீக்'. அரசு விடுமுறைகள் வரிசையாக வரும், நாடே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். அறை வாடகை எகிறும், புல்லட் ரயிலில் இடம் கிடைக்காது. நம் பள்ளி விடுமுறையும் அவர்கள் நெரிசலும் ஒன்றாக வந்து மோதுகிற வாரம் அது. மே 8க்கு மேல் போனால் கூட்டம் வடிந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும். மழைக்காலம் ஜூனில்தான் தொடங்கும்.

அடுத்தது ஊர் எண்ணிக்கை. பத்து நாளில் ஐந்து ஊர் என்றால் ஐந்து முறை பெட்டி கட்டணும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காலை 10 மணிக்கு அறையைக் காலி செய்து, அடுத்த ஊரில் மாலை 3 மணி வரை அறைக்குக் காத்திருக்கணும். ஐந்து வயதுப் பையன் அன்றைக்கு எதையும் பார்க்கமாட்டான், அழுவான். ஹகோனே, ஹிரோஷிமா இரண்டையும் வெட்டுங்கள். ஒசாகா கான்சாய் விமான நிலையத்தில் இறங்கி கியோட்டோவில் 5 இரவு, பிறகு டோக்கியோவில் 5 இரவு, நாரிட்டா அல்லது ஹனேடாவிலிருந்து திரும்புங்கள். போகிற ஊர் ஒன்று, திரும்புகிற ஊர் ஒன்று என்று டிக்கெட் போட்டால் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஒரு முழுநாள் மிச்சம். நாரா, ஒசாகா இரண்டும் கியோட்டோவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்தான்.

மே 11 திங்கள் போய்ச் சேர்கிற மாதிரி வைத்தால் இன்னொரு லாபம். மே 15 கியோட்டோவில் ஆவோய் மட்சுரி (மட்சுரி என்றால் திருவிழா). ஹெயான் காலத்து (சுமார் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய) உடையில் சுமார் 500 பேர், குதிரைகள், விஸ்டீரியா பூ தொங்கும் மாட்டுவண்டி என்று ஊர்வலம் அரண்மனைத் தோட்டத்திலிருந்து காலை 10:30க்குக் கிளம்பும். கட்டண இருக்கை வேண்டாம், வழியில் ஓரமாக நிழல் பார்த்து நின்றால் போதும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: அது நம்ம ஊர்த் தேர் மாதிரி ஆரவாரமாக இருக்காது, மெல்ல, ஓசையில்லாமல் நகரும். பிள்ளைகளுக்கு 20 நிமிடம் போதும். மழை வந்தால் மறுநாளுக்குத் தள்ளிவிடுவார்கள்.

அறை விஷயம்: சாதாரண ஹோட்டல் அறை 15 சதுர மீட்டர்கூட இருக்காது, ஒரு அறைக்கு எத்தனை பேர் என்பதில் கறாராக இருப்பார்கள். ஆளைக் குறைத்துச் சொல்லிப் பதிவு செய்யாதீர்கள், வரவேற்பிலேயே பாஸ்போர்ட்டை எண்ணுவார்கள். பள்ளி சேராத பிள்ளை பெற்றோர் கட்டிலில் சேர்ந்து படுத்தால் பல இடங்களில் தனிக்கட்டணம் இல்லை. ஆகவே 'நான்கு கட்டில், ஒரு சிறுபிள்ளை' என்று தேடுங்கள். சமையல் மேடை, துணி துவைக்கும் இயந்திரம் இரண்டும் உள்ள அபார்ட்மென்ட் ஹோட்டல் இரண்டு ஊரிலும் உண்டு. மாமியாரை உத்தேசித்தால் அதுதான் சரி. ஒரு இரவு மட்டும் தத்தாமிப் பாய் விரித்த அறை எடுத்தால் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. ஆனால் மெத்தை தரையில். முட்டிவலிக்காரர் எழுந்திருக்கச் சிரமப்படுவார்.

ரயில்கிறுக்கன்

பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் 7 நாள் சாதாரண பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. கியோட்டோ–டோக்கியோ நொசோமி என்ற அதிவேகப் புல்லட் ரயிலில் முன்பதிவு இருக்கையோடு ஒரு வழிக்குச் சுமார் 14,000தான். அண்ணாச்சி சொன்ன பாதையில் உங்களுக்கு அந்த ஒரே பயணம்தான். பாஸ் எடுத்தாலும் நொசோமிக்குத் தனியாகக் கட்டணம் கேட்பார்கள்.

பிள்ளைகள் கணக்கு: 6 முதல் 11 வரை பாதிக் கட்டணம், ஆறுக்குக் கீழே இலவசம். ஆனால் முன்பதிவுப் பெட்டியில் அந்த இலவசம் மடியில் உட்கார்ந்தால் மட்டும். முன்பதிவு இருக்கை ஒன்றைப் பையனுக்கென்று எடுத்தால் பாதிக் கட்டணம் உண்டு. நீங்கள் எடுத்துவிடுங்கள். ஏனென்றால் பெட்டிக்குள் இருக்கை அமைப்பு 3+2: ஒரு பக்கம் ஏ, பி, சி, மறுபக்கம் டி, இ. ஐந்து பேருக்கு ஒரு வரிசை கச்சிதம். இ இருக்கை எப்போதும் மலைப்பக்கம். கியோட்டோவிலிருந்து கிளம்பி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில், ஷின்-ஃபுஜி நிலையத்தை ஒட்டி, இடப்பக்கம் ஃபுஜி மலை வரும். வானம் தெளிவாக இருக்கணும். ஓரிரு நிமிடத்தில் போய்விடும், பிள்ளைகளை முன்கூட்டியே ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுங்கள்.

பெட்டி: நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ. தாண்டினால் கடைசி வரிசையின் பின்னால் உள்ள இடத்தை இருக்கையோடு சேர்த்துப் பதிவு செய்யணும். பதிவுக்குக் காசில்லை, பதியாமல் கொண்டுபோனால் 1,000 யென். சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்துத்தான் அளவு. 28 அங்குலப் பெட்டி இந்த எல்லையில்தான் நிற்கும், வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். இதைவிட நல்ல வழி 'தக்யூபின்': கியோட்டோ ஹோட்டல் வரவேற்பில் காலையிலேயே பெட்டியைக் கொடுத்தால் மறுநாள் டோக்கியோ ஹோட்டலில் இருக்கும். பெரிய பெட்டிக்குச் சுமார் 3,000 யென். ஒரு இரவுக்கான துணி, மருந்து, பாஸ்போர்ட் மட்டும் கைப்பையில். பெட்டிக்குள் பாஸ்போர்ட்டைப் போட்டு அனுப்பிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

உள்ளூர் ரயிலுக்கு: மகளுக்குக் குழந்தைகளுக்கான இகோகா அட்டை (பணம் ஏற்றி வைத்துத் தட்டிப் போகும் பயண அட்டை) எடுங்கள். நிலைய கவுன்டரில் அவள் பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் தருவார்கள், இயந்திரத்தில் வராது. டோக்கியோவிலும் அதே அட்டை செல்லும். பையனுக்கு உள்ளூர் ரயிலும் பேருந்தும் இலவசம். கியோட்டோவில் பேருந்துக்கு மட்டுமான நாள்பாஸ் இப்போது இல்லை. பழைய பதிவுகளை நம்பித் தேடாதீர்கள். சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த நாள்பாஸ் 1,100, பிள்ளைக்கு 550.

இட்லிப்பானை

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஜப்பானில் சைவம் என்றால் கறித்துண்டைத் தேடி ஒதுக்குவதல்ல பிரச்சினை. 'தாஷி' என்ற சாறுதான் பிரச்சினை. கட்சுவோபுஷி என்று ஒன்று, சூரை மீனைப் புகைபோட்டுக் கட்டையாகக் காயவைத்துச் சீவியது. நம்ம மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதை வெந்நீரில் போட்டு வடித்த தெளிவுதான் உடோன் குழம்பு, மிசோ சூப், தெம்புரா தொட்டுக்கொள்ளும் சாறு, முட்டைச் சுருள் எல்லாவற்றுக்கும் அடி. பார்க்கத் தெளிந்த ரசம் போல இருக்கும், ஒரு துணுக்கு மீன் கண்ணில் படாது. "மீன் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், பொய்யில்லை, அவர்கள் கணக்கில் அது மீனே இல்லை. "கட்சுவோ தாஷி இருக்கா?" என்று கேட்கணும். இதை ஜப்பானிய எழுத்தில் அச்சடித்த அட்டை ஒன்று மாமியார் கைப்பையில் இருக்கட்டும்.

பாக்கெட் உணவில் ஒவ்வாமைப் பொருள் கட்டாயம் போட்டிருப்பார்கள்: முட்டை, பால், கோதுமை, சோபா (பக்வீட் தானியம்), நிலக்கடலை, இறால், நண்டு இப்படி. அந்தப் பட்டியலைப் பார்த்து "மீன் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள், சூரை மீன் அதில் வராது. கேமரா மொழிபெயர்ப்பை வைத்து முழு உட்பொருள் பட்டியலையும் படிக்கணும். ரொட்டியில் பன்றிக்கொழுப்பு சேர்க்கிற பழக்கமும் உண்டு.

கைகொடுப்பது என்னவென்றால்: கன்வீனியன்ஸ் கடைகளில் 200 கிராம் வெந்த சாதம் பாக்கெட்டாகக் கிடைக்கும், மைக்ரோவேவில் 2 நிமிடம். பக்கத்திலேயே சர்க்கரை சேர்க்காத தயிர். நீங்கள் கொண்டுபோகும் ஊறுகாய். தயிர்சாதம் தயார். அவர்கள் அரிசி ஒட்டும் ரகம் என்பதால் தயிர்சாதம் இன்னும் நன்றாகக் குழையும். சூப்பர் மார்க்கெட் வாசலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு சூடாக இருக்கும், பிள்ளைகளுக்கு நல்ல மாலைத்தீனி. கியோட்டோவில் ஷோஜின் ர்யோரி என்ற கோயில் சாப்பாடு கடற்பாசி, காளான் சாறில் செய்தது, மீன் சேராது. கோகோ இச்சிபான்யா என்ற சங்கிலிக் கடைகள் பலவற்றில் சைவக் குழம்பு தனியாக உண்டு. டோக்கியோவில் தென்னிந்தியச் சாப்பாட்டுக்கு நிஷி-கசாய் பக்கம் போங்கள், இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கிற இடம்.

ஊரிலிருந்து எலெக்ட்ரிக் குக்கர், கெட்டில் எதையும் தூக்காதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம்ம 230 வோல்ட் கெட்டில் அங்கே ஐந்தில் ஒரு பங்குத் திறன்கூடக் காட்டாது. 700 வாட் என்பது 130 வாட் ஆகிவிடும், தண்ணீர் வெதுவெதுப்போடு நிற்கும். கைபேசி சார்ஜருக்குத் தொல்லையில்லை, தட்டையான இரண்டு கால் பிளக் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற உப்புமா, அவல் மிக்ஸ், பருப்புப் பொடி தாராளமாக எடுக்கலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், அரிசி வேண்டாம், தாவரச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

கொங்குக்காரி

அப்பாடா, பாதி பாரம் இறங்கிவிட்டது. தேதியை மே 11–21 என்று மாற்றிவிட்டேன். இப்போது பிள்ளைகள் விஷயம். கோயில்களை எப்படிக் காட்டினால் அவர்களுக்குச் சலிக்காது? மகள் சுமோ பார்க்கணும் என்கிறாள். மகனுக்கு மான் என்றால் உயிர்.

நாராவின் மான்

பெயருக்கேற்ப மானிலிருந்தே தொடங்குகிறேன். கியோட்டோவிலிருந்து கின்டெட்சு என்ற தனியார் ரயில் பிடியுங்கள், எக்ஸ்பிரஸ் 45 நிமிடம். ஜேஆர் நாரா நிலையத்தைவிட கின்டெட்சு நாரா பூங்காவுக்குப் பக்கம், மாமியாருக்கு நடை குறையும். பூங்காவில் ஆயிரத்துக்கு மேல் மான்கள், கட்டிப்போட்டவை அல்ல. மான் பிஸ்கட் கட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் ஐந்தாறு மான் சுற்றி வளைத்து, சட்டையைக் கவ்வும், பின்னாலிருந்து முட்டும். ஐந்து வயதுப் பையன் உயரம் மானின் தலை உயரம்தான். ஆகவே கட்டு அப்பா கையில் இருக்கட்டும், பையனிடம் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். மான் தலைகுனிந்து வணக்கம் போடும். அவன் திரும்பக் குனிந்து வணங்கிவிட்டு உடனே கொடுத்துவிடணும். நீட்டி நீட்டி இழுத்து விளையாட்டுக் காட்டினால்தான் கடிக்கும். தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள், விட்டுவிட்டுப் போய்விடும். வரைபடம், டிக்கெட், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் தின்னும், பைக்குள் வையுங்கள். மே கடைசியை ஒட்டிக் குட்டி போடும் காலம். குட்டியைப் பார்த்தால் கிட்டப் போகவே வேண்டாம், தாய் மான் பாயும்.

அங்கேயே தோதாய்ஜி கோயில். சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர். 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. உள்ளே போவதற்கு முன்னால் மகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள், அண்ணாந்து பார்க்கிற பார்வையே மாறும்.

கோயில் சலிக்காமல் இருக்க ஒரே வழி, ஒவ்வொன்றிலும் பிள்ளைகளுக்குத் தேட ஒன்றைக் கொடுப்பது. கியோட்டோ சஞ்சுசங்கெந்தோவில் 1,001 கன்னோன் (கருணைத் தெய்வம்) சிலைகள் வரிசையாக நிற்கும், முன்னால் காவல் தெய்வங்கள் 28. அதில் நம்ம ஆட்கள் பலர் இருக்கிறார்கள். புல்லாங்குழல் ஊதுகிற, அலகுள்ள, இறக்கை முளைத்தவரைக் கண்டுபிடி என்று சொல்லுங்கள். அவர் கருரா, நம்ம கருடன். படம் எடுக்க அனுமதியில்லை, கண்ணால்தான் தேடணும், அதுவே நல்லது. தளம் சமதளம், மாமியாருக்கும் எளிது. காலணியைக் கழற்றணும், சாக்ஸ் கையில் இருக்கட்டும்.

நிஜோ கோட்டையில் 'குயில் தரை' என்கிற நடைபாதை உண்டு. பலகைக்கு அடியில் உள்ள இரும்புப் பிடிகள் ஆணியோடு உரசி, மிதித்தால் பறவை கீச்சிடுகிற மாதிரி ஓசை வரும். சத்தம் வராமல் யார் கடப்பது என்று இருவருக்கும் போட்டி வையுங்கள். யாரும் ஜெயிக்க முடியாது.

ஃபுஷிமி இனாரி கோயிலைக் காலை 7 மணிக்குள் முடிக்கணும், 9க்கு மேல் செந்நிற வளைவுகளுக்குள் முதுகுகள்தான் தெரியும். 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. கியோட்டோவிலிருந்து ஜேஆர் நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தம். சாதா ரயிலில் ஏறணும், விரைவு ரயில் நிற்காமல் போய்விடும். உச்சி வரை வேண்டாம், யோட்சுட்சுஜி என்ற கூடல் வரை போய்த் திரும்பலாம். மாமியார் கீழ்க்கோயிலோடு நிற்கட்டும், படி நிறைய. கொஞ்சம் மேலே ஒகுஷா என்ற இடத்தில் நரி முக வடிவில் மரப்பலகை விற்பார்கள், முகம் வெறுமையாக இருக்கும். கண், மூக்கு, மீசையைப் பிள்ளைகளே வரைந்து, பின்னால் வேண்டுதலை எழுதித் தொங்கவிடலாம். தமிழிலேயே எழுதட்டும்.

கையால் செய்ய: வாகாஷி இனிப்பு வகுப்பு. வெள்ளை அவரை விழுதில் நிறம் சேர்த்துப் பூ, இலை வடிவம் பிடிப்பது. கன்ஷுந்தோ போன்ற பழைய கடைகளில் நடக்கும், முன்பதிவு வேண்டும். பாட்டி, பேத்தி, பேரன் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்து, மூவருமே சாப்பிடக்கூடிய ஒன்று அந்த நாட்டில் இதைவிட வேறு எனக்குத் தெரிந்து இல்லை. ஜெலட்டினுக்குப் பதில் பெரும்பாலும் கடற்பாசிதான், இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர்சுற்றி அண்ணாச்சி

டோக்கியோவுக்கு ஒரு சேர்க்கை. அசகுசா சென்சோஜி கோயிலுக்குப் பத்து நிமிட நடையில் மட்சுச்சியாமா ஷோதென் என்ற இன்னொரு கோயில். மூலவர் கான்கிதென், அதாவது பிள்ளையார். ஆனால் தும்பிக்கையைத் தேடாதீர்கள், திருவுருவத்தை வெளியே காட்டமாட்டார்கள். கொழுக்கட்டை கிடையாது, முள்ளங்கிதான் படையல். கோயில் முழுக்க, விளக்கு, படி, கல் எல்லாவற்றிலும் முள்ளங்கியும் சுருக்குப்பையும் செதுக்கியிருக்கும். எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். மேடேறக் குட்டி ரயில்பெட்டி மாதிரி ஒன்று இலவசமாக ஓடுகிறது, மாமியாருக்குப் படியே வேண்டாம்.

மே 16, 17 வாரக்கடைசியில் அசகுசாவில் சஞ்சா மட்சுரி. சனிக்கிழமை நண்பகலில் தெருத்தெருவாக நூறு பல்லக்குகள், பிள்ளைகள் தூக்குவதும் அதில் உண்டு. ஞாயிறு கூட்டம் ஐந்து வயதுக்கு ஆகாது. நீங்கள் சனிக்கிழமை டோக்கியோ வருகிறவர்கள், ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு செவ்வாய்க்கிழமை நிதானமாக அசகுசா போங்கள்.

ஃபுககாவா எடோ அருங்காட்சியகம் பிள்ளைகளுக்கென்றே செய்தது போல இருக்கும். 1840 வாக்கில் இருந்த ஒரு தெருவை அப்படியே கூரைக்குள் கட்டி வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் ஏறி, இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம். விளக்கு மங்கி விடியல், அந்தி என்று மாறும், கூரைமேல் ஒரு பூனை மியாவ் என்னும்.

ரயில்கிறுக்கன்

சுமோ: டோக்கியோ ரியோகோகுவில் ஜனவரி, மே, செப்டம்பர் மூன்று தடவை, தடவைக்கு 15 நாள். மே 10 ஞாயிறு தொடங்குவதால் உங்கள் தேதியில் நடந்துகொண்டிருக்கும். டிக்கெட் சுமார் ஒரு மாதம் முன்னால் வரும், வார இறுதி முதலில் தீரும், திங்கள் புதன் பாருங்கள். காலை 8:30 முதல் நடக்கும், ஆனால் நீங்கள் 3:30க்குப் போனால் போதும்: மேல்நிலை வீரர்கள் அலங்கார ஏப்ரன் கட்டி வளையத்துக்குள் வருவது அதற்கு அப்புறம்தான், 6 மணிக்கு முடிந்துவிடும். நாலு பேர் உட்காரும் பெட்டிக்கட்டத்தை எடுக்காதீர்கள், தரையில் மடக்கி உட்காரணும், முட்டி தாங்காது. மேல்தள நாற்காலி போதும்.

கிப்லி (கார்ட்டூன் படங்கள் எடுக்கும் ஸ்டுடியோ) அருங்காட்சியகத்துக்கு வாசலில் டிக்கெட் விற்பதே இல்லை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி ஜப்பான் நேரம் காலை 10க்கு அடுத்த மாதத்துக்குத் திறப்பார்கள். நமக்கு அது காலை 6:30. ஏப்ரல் 10 அலாரம் வையுங்கள்.

சுங்கச்சாவடி

விசா பற்றி யாரும் பேசவில்லை. இந்தியாவில் இருப்பவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் இ-விசா, விஎஃப்எஸ் மையம் வழியாக. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. விமான நிலையத்தில் விசா அறிவிப்பை இணையத்தில் நேரடியாகத் திறந்து காட்டணும். ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப், பிரின்ட் செல்லாது. கோவை கவுன்டரிலும் ஜப்பான் இறங்கிய இடத்திலும் ஐந்து பேருக்கும் தனித்தனியாகத் திறக்கணும், ஆகவே இறங்கும்போதே வேலை செய்கிற இ-சிம் வேண்டும். விசா கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் நுழையணும், ஜனவரியிலேயே அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

மருந்து: கோடீன் உள்ள இருமல் மருந்து, சூடோஎஃபிட்ரின் உள்ள சளி மாத்திரை இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அளவு மீறினால் அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். மாமியாரின் வழக்கமான மாத்திரைகள் ஒரு மாதத்துக்குள் என்றால் மருத்துவர் சீட்டோடு, அட்டை பிரிக்காமல்.

கொங்குக்காரி

எல்லாருக்கும் நன்றி. இப்படிப் போட்டிருக்கிறேன்: திங்கள் 11 கியோட்டோ. செவ்வாய் ஃபுஷிமி இனாரி, சஞ்சுசங்கெந்தோ. புதன் நிஜோ கோட்டை, மகனுக்காகக் கியோட்டோ ரயில் மியூசியம், அங்கே நீராவி ரயிலில் ஒரு சுற்று. வியாழன் நாரா. வெள்ளி ஊர்வலம், மதியம் இனிப்பு வகுப்பு. சனி டோக்கியோ. ஞாயிறு ஃபுககாவா. திங்கள் சுமோ. செவ்வாய் காலை அசகுசா, மதியம் கிப்லி. புதன் டீம்லேப் (ஒளிக்கலைக் காட்சியகம்). வியாழன் 21 திரும்பல்.

ரயில்கிறுக்கன்

ரயில் மியூசியம் புதன் விடுமுறை, கிப்லி செவ்வாய் விடுமுறை. நாராவைப் புதனுக்கு இழுத்து, கோட்டையையும் மியூசியத்தையும் வியாழனுக்குத் தள்ளுங்கள். கிப்லியைப் புதனுக்கு, டீம்லேப்பைச் செவ்வாய் மதியத்துக்கு. டீம்லேப் பிளானட்ஸ் என்றால் முழங்கால் அளவு தண்ணீரில் நடக்கணும், பையனுக்கு ஒரு மாற்று நிஜார்.